‘பாபு’ என்பது வசைச்சொல்லா?

தலைநகரில் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்து வரும் நம் செவியில், ‘பாபு’ என்னும் சொல் நாள்தோறும் மூன்று முறையேனும் விழாமற் போவதில்லை. காலையில் வாயிற்காவல் புரியும் முதியவர் ‘நமஸ்தே பாபுஜி’ என்று கைகூப்புகிறார். அதில் அன்பும் மதிப்பும் கலந்துள்ளன. நண்பகலில், ஓய்வூதியக் கோப்பு நகரவில்லையென்று மனம் நொந்து வரும் ஒருவர், நம் மேசையைக் கடந்து போகையில் ‘இந்தப் பாபுக்களே இப்படித்தான்’ என்று உடன் வந்தவரிடம் சொல்லிக்கொண்டே போகிறார். மாலையில் வீடு திரும்பி ஆங்கில நாளேட்டைப் பிரித்தால், அங்கும் ‘பாபுக்கள்’ தலைப்பிலேயே வீற்றிருக்கிறார்கள். அந்தத் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்த நம் மகள் ஒருநாள் கேட்டாள்: “அப்பா, பாபுன்னா மரியாதையா, திட்டா?”

அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிப் பழகிய கைக்கு, இவ்வினாவுக்கு ஒரு வரி விடை எழுத வரவில்லை. ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டோம். குழந்தை கேட்டதற்கு விடை தேடி, கிடைத்த நூல்களைப் புரட்டினோம். அவ்வாறு அறிந்தவற்றை, நம்மைப் போலவே பிழைப்பின்பொருட்டு வடபுலம் வந்து வாழும் தமிழ்க் குடும்பத்தாருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயருக்குப் பின்னே ஒரு பெருமை

பாபு என்பது வங்கம், பீகார், ஒடிசா ஆகிய பகுதிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் மரியாதைச் சொல். நாம் ‘ஐயா’ என்றும், ‘அவர்கள்’ என்றும் சேர்ப்பதைப் போல, அவர்கள் பெயரின் பின்னே இதனைச் சேர்ப்பார்கள். நாட்டின் முதற் குடியரசுத் தலைவரை மக்கள் ‘ராஜேந்திர பாபு’ என்றே அழைத்தனர். நேதாஜி தம் மாநிலத்தாருக்குச் ‘சுபாஷ் பாபு’. கவியரசர் தாகூர் ‘ரவி பாபு’. ஆந்திரத்தில் குழந்தையைக் கொஞ்சும் சொல்லாகவும் இது வழங்குகிறது. நம் தமிழ்நாட்டிலோ எத்தனையோ பெற்றோர் தம் செல்வர்களுக்கு இதனைப் பெயராகவே இட்டிருக்கின்றனர். வசைச்சொல்லை மகனுக்குப் பெயராகச் சூட்டும் தாய் உலகில் இல்லை. ஆகவே சொல்லின் பிறப்பில் குற்றமேதும் இல்லை என்பது தெளிவு.

அவ்வாறாயின், குற்றம் எங்கே வந்து சேர்ந்தது? அதனை அறியப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்கத்தா நகருக்குச் செல்ல வேண்டும்.

வீட்டார் செய்த கேலி

கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிகத்தாலும், 1793-ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தாலும் கல்கத்தாவில் புதுச்செல்வர் கூட்டம் ஒன்று தோன்றியது. தந்தை ஈட்டிய பொருளைத் தனயர் புறா வளர்ப்பிலும் நாட்டியக் கச்சேரியிலும் கரைத்தனர். இவர்களே முதலில் ஏளனத்துக்கு ஆளான பாபுக்கள். ஏளனம் செய்தவர்களோ வெள்ளையர் அல்லர், வங்காளிகளே. பவானிசரண் பந்தோபாத்யாயர் 1825-இல் வெளியிட்ட ‘நவ பாபு விலாஸ்’ இவ்வகை நூல்களுக்கு முன்னோடி. காளிகாட்டுக் கோயிலருகே பட எழுத்தாளர்கள் வரைந்து விற்ற ஓவியங்களிலும், சுருட்டி விட்ட தலைமயிரும் மடிப்புக் கலையாத வேட்டியும் பளபளக்கும் காலணியுமாகப் பாபு அமர்ந்திருப்பதைக் காணலாம்.

பின்னர் ஆங்கிலக் கல்வி வந்தது. 1817-இல் இந்துக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1835-இல் மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். 1844-இல் ஆங்கிலம் கற்றோர்க்கே அரசுப் பணியில் முதலிடம் என்று ஹார்டிஞ்ச் பிரபு ஆணை பிறப்பித்தார். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. இதன் பயனாகப் பாபு என்னும் சொல் செல்வச் சிறுவனை விட்டுப் படித்த மனிதனிடம் குடியேறிற்று. அவன் எழுத்தன்; ஆசிரியன்; வழக்குரைஞன்; பத்திரிகை நடத்துபவன். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைப் பற்றியும் ஒரு கருத்து உடையவன். அக்கருத்தை உரக்கச் சொல்லவும் அஞ்சாதவன்.

இப்புதிய பாபுவையும் வங்க எழுத்தாளர்கள் விட்டுவைக்கவில்லை. மைக்கேல் மதுசூதன தத்தர் 1860-இல் வெளியிட்ட கேலி நாடகமொன்றில், நாகரிகம் என்ற பெயரால் குடித்துக் கூத்தடிக்கும் இளைஞரைச் சாடினார். இவர் 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்தவர் என்பது நம்மவர் நினைவிற்கொள்ளத் தக்கது. காளிபிரசன்ன சின்ஹா 1862-இல் ஆந்தையின் பெயரால் எழுதிய சித்திரங்களில் நகரத்துப் பெரிய மனிதர் பலரின் முகமூடியைக் கழற்றினார். இவர்கள் எல்லாரினும் கூரிய எழுத்தாணி பங்கிம் சந்திரருடையது. அவருடைய ‘லோக ரகசியம்’ என்னும் நூல் 1874-இல் வெளியாயிற்று. அதிலுள்ள ‘பாபு’ என்னும் கட்டுரையில், பழம்புராண முனிவர் ஒருவர் வருங்காலத்துப் பாபுவின் பெருமைகளை அரசனுக்கு எடுத்துரைப்பதாக அமைத்து, திருமாலைப் போலவே பாபுவுக்கும் பத்து அவதாரங்கள் உண்டு என்கிறார். எழுத்தர், ஆசிரியர், மருத்துவர், வக்கீல், நீதிபதி, ஜமீன்தார், பத்திரிகை ஆசிரியர் என்று நீளும் அப்பட்டியல், ஒன்றும் செய்யாத சோம்பேறியில் வந்து முடிகிறது. அப்பட்டியலின் தலைப்பில் நிற்பவர் நம் எழுத்தரே!

இங்கே நாம் நிறுத்தி எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பங்கிம் சந்திரர் யார்? 1858-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அவ்வாண்டு முதல் 1891 வரை ஆங்கில அரசின்கீழ்த் துணை மாஜிஸ்டிரேட்டாகப் பணியாற்றியவர். பாபுவைக் கேலி செய்த அவர் தாமும் ஒரு பாபுவே. தம் முகத்தைத் தாமே கண்ணாடியில் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. நம் வீட்டுப் பிள்ளையை நாம் ‘மக்கு’ என்று கடிந்துகொள்வதற்கும், அயல் வீட்டார் வந்து அதே சொல்லைச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ? முன்னதில் பிள்ளை திருந்த வேண்டும் என்னும் கவலை இருக்கிறது. பின்னதில் அது இருப்பதில்லை.

அயலார் கையில் அதே சொல்

அயலார் கைக்கு இச்சொல் போய்ச் சேர்ந்த விதம் வருந்தத் தக்கது. 1886-இல் யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து வெளியிட்ட ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்னும் அகராதி இதற்குச் சான்று பகர்கிறது. பாபு என்பது முறைப்படி மரியாதைச் சொல்லே என்று அது முதலில் ஒப்புக்கொள்கிறது. அடுத்து, வங்கத்து ஆங்கிலேயர் அதனைச் சற்று இழிவு தொனிக்கவே வழங்குகின்றனர் என்றும், மேலோட்டமாகப் படித்த, ஆண்மை குன்றிய வங்காளியை அது குறிப்பதாயிற்று என்றும், இறுதியில் ஆங்கிலம் எழுதும் சுதேசி எழுத்தன் என்னும் பொருளையும் அடைந்தது என்றும் கூறுகிறது. ஒரு சொல் படிப்படியாகக் கீழே இறங்கிய வரலாறு, அகராதியின் ஒரே பதிவில் அடங்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எழுத்து வேலையை இழிவென்று கருதிய அந்த ஆங்கிலேயரின் முன்னோர் யார்? கம்பெனியின் இளநிலை ஊழியர்களுக்கு ‘ரைட்டர்’ என்பதே பதவிப்பெயர். அதாவது எழுத்தர்! கல்கத்தாவில் அவர்களுக்காக 1777-இல் கட்டத் தொடங்கிய மாளிகையே ரைட்டர்ஸ் பில்டிங். 2013 வரை மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலகமாக விளங்கியதும் அதுவே. அவ்வளவு ஏன்? ஆங்கிலப் பேரரசுக்கு இந்நாட்டில் அடிகோலிய ராபர்ட் கிளைவ், 1744-இல் நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வந்திறங்கியபோது, ஆண்டுக்கு ஐந்து பவுன் ஊதியம் பெற்ற எழுத்தரே. பேரேட்டில் மூட்டைக் கணக்கு எழுதிய கை அது. அந்த எழுத்தர் பிரபு ஆனார். நம் எழுத்தரோ பாபு ஆனார்!

இழிவு தொனி எழுந்த காலத்தை உற்றுநோக்கினால் அதன் காரணமும் புலப்படும். பாபு கோப்பைப் படியெடுத்துக்கொண்டு வாய்மூடி இருந்தவரை அவனால் யாருக்கும் தொல்லையில்லை. அவன் கருத்துச் சொல்லத் தொடங்கியபோதுதான் தொல்லை தொடங்கிற்று. சுரேந்திரநாத் பானர்ஜி 1869-இல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வில் வென்றவர். 1874-இல் பணியினின்று நீக்கப்பட்டவர். அவரும் ஆனந்த மோகன் போஸும் 1876-இல் இந்தியச் சங்கத்தை நிறுவினர். அதே ஆண்டில் வைசிராய் லிட்டன் பிரபு இலண்டனுக்கு எழுதிய கடிதமொன்றில், நாம் படிக்க வைத்த இந்தப் பாபுக்கள் பத்திரிகைகளில் அரைகுறை இராசத்துரோகக் கட்டுரைகள் எழுதுபவர்களேயன்றி, தங்களைத் தவிர வேறெவரையும் பிரதிபலிப்பவர் அல்லர் என்ற கருத்தைத் தெரிவித்தார். ஈராண்டுக்குப் பின், 1878-இல், தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டத்தைக் கொணர்ந்தவரும் அவரே. அதன் பிடியிலிருந்து தப்ப ‘அம்ருத பஜார் பத்திரிகா’ தன்னை முழு ஆங்கில ஏடாக மாற்றிக்கொண்டது. பாபு தற்பெருமைக்காகவே ஆங்கிலம் எழுதுகிறான் என்று நகைத்தவர்கள், அவன் தாய்மொழியில் எழுதினால் அச்சகத்தைப் பூட்டவும் ஆயத்தமாக இருந்தனர்.

1883-இல் இல்பர்ட் மசோதா வந்தது. நாட்டுப்புறங்களில் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்பதே அதன் சாரம். பிகாரி லால் குப்தா என்னும் வங்க அதிகாரி, தமக்குக் கீழுள்ள வெள்ளையருக்கு இருக்கும் அதிகாரம் தமக்கு இல்லாமையைச் சுட்டி அரசுக்கு எழுதிய குறிப்பே அதற்கு வித்து. அக்குறிப்பு சொன்ன நியாயத்தை மறுக்க இயலாத ஆங்கில வணிகரும் தோட்ட முதலாளிகளும், ‘ஒரு பாபுவா நம்மை விசாரிப்பது?’ என்னும் கூச்சலை எழுப்பினர். 1884-இல் நிறைவேறிய சட்டம் வெகுவாக நீர்த்துப் போயிருந்தது. குற்றம் சாட்டப்பெற்ற ஐரோப்பியர், பாதிப்பேரேனும் ஐரோப்பியராக அமைந்த ஜூரியைக் கோரலாம் என்று அதில் சேர்க்கப்பட்டது. ஒரு வாதம் செய்ய முடியாத வேலையை ஒரு பட்டப்பெயர் செய்து முடித்தது.

1888 நவம்பர் 30-ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த விருந்தொன்றில் டஃபரின் பிரபு காங்கிரசின் படித்த வகுப்பினரை நுண்ணோக்கியால் காணத்தக்க சிறுபான்மையினர் என்று எள்ளி நகையாடினார். ஆயினும் அதே மாதத்தில், சட்ட மன்றங்களை விரிவாக்க வேண்டும் என்று அவரே இலண்டனுக்குப் பரிந்துரை அனுப்பியிருந்தார். அதுவே பின்னர் 1892-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலியது. மேடையில் ஏளனம், கோப்பில் ஏற்பு! கோப்புகளோடு பழகிய நமக்கு இது வியப்பளிக்கவில்லை.

இலண்டன் நகைச்சுவை ஏடுகளும் இத்தொண்டில் பங்கு கொண்டன. 1897-இல் வெளிவந்த கதை நூலொன்றின் நாயகன் பெயர் ‘பாபு ஜாபர்ஜி, பி.ஏ.’ என்பதாகும். ஜாபர்ஜி என்னும் பெயரிலேயே ‘உளறுவாயன்’ என்னும் பொருள் தொனிக்கிறது. பி.ஏ. பட்டம் பெயரின் பின்னே நகைப்புக்காகவே ஒட்டப்பட்டது. பி.ஏ. பட்டத்தை மட்டுமே சொத்தாகக் கொண்டு தில்லி இரயில் ஏறிய நமக்கு, இந்நூற்பெயரைக் கண்டவுடன் சிரிப்பும் வந்தது. உள்ளே எங்கோ சுருக்கென்றும் தைத்தது.

பட்டப்பெயர் மறைத்த மனிதர்

மேற்கூறிய கேலிகளையெல்லாம் படித்துச் சோர்ந்திருந்த வேளையில்தான் ஹரிஷ் சந்திர முகர்ஜி என்பவரின் வரலாறு நமக்குக் கிட்டியது. இவர் 1824-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் இராணுவத் தணிக்கை அலுவலகத்தில் மாதம் 25 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்து, உழைப்பினால் உயர்ந்தவர். பகலெல்லாம் கம்பெனியின் கணக்கு. இரவெல்லாம் 1853-இல் தோன்றிய ‘ஹிந்து பேட்ரியட்’ என்னும் ஆங்கில வார ஏட்டின் ஆசிரியப் பணி. அகராதி சொல்லும் பொருளில் இவர் அச்சு அசலான பாபு. ஆங்கிலம் எழுதும் சுதேசி எழுத்தர். எதைப் பற்றியும் கருத்துடையவர்.

1859-60-இல் வங்கத்து உழவர்கள் அவுரி பயிரிட மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். நெல் விளையும் நிலத்தில் நீலச் சாயத்துக்கான அவுரியைப் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகள் அவர்களை முன்பணத்தால் கட்டிப் போட்டிருந்தனர். மறுத்தவர்க்கு அடியும் சிறைவைப்பும் கிடைத்தன. எழுத்தறியாத அவ்வுழவர்கள் கல்கத்தாவுக்கு நடந்து வந்து தேடியது ஹரிஷ் சந்திரரின் பவானிப்பூர் வீட்டைத்தான். அவர் தம் ஊதியத்திலிருந்து அவர்களுக்குச் சோறிட்டார். மனு எழுதித் தந்தார். ஏட்டில் வாரந்தோறும் அவர்கள் குறையை எழுதினார். 1860-இல் அமைந்த அவுரி விசாரணைக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். ஓயாத உழைப்பினால் உடல் நலிந்து 1861-இல், நாற்பது வயது நிரம்பும் முன்னரே மறைந்தார். தோட்ட முதலாளி ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கு, அவர் மறைந்த பின்னும் அவருடைய மனைவியைத் தொடர்ந்தது.

அதே அவுரிக் கொடுமையை ‘நீல் தர்ப்பண்’ என்னும் நாடகமாக 1860-இல் எழுதியவர் தீனபந்து மித்திரர். அவர் அஞ்சல் துறை ஊழியர், அவரும் பாபுவே. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட லாங் என்னும் பாதிரியாருக்கு 1861-இல் ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. அத்தண்டத் தொகையைச் செலுத்தியவர், பாபுக்களைக் கேலி செய்த அதே காளிபிரசன்ன சின்ஹா! பாபுக்களின் குறையைக் கூசாது எழுதிய கையே, பாபுக்களின் நியாயத்துக்காகப் பணப்பையையும் அவிழ்த்தது. உள்ளிருந்து எழும் கண்டனத்தின் இலக்கணம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

பாபு என்னும் பட்டப்பெயருக்குள் ஹரிஷ் சந்திரரும் அடக்கம். புறா பறக்கவிட்ட செல்வச் சிறுவனும் அடக்கம். இருவரையும் ஒரே கூடையில் போட்டு மூடுவதுதான் அப்பட்டப்பெயர் செய்த அநீதி.

கேலியில் உண்மை இல்லையா?

ஒரு பக்கம் மட்டும் பேசுவது வரலாறு ஆகாது. பாபு வகுப்பின்மீது சொல்லப்பட்ட குற்றங்கள் முற்றும் பொய்யல்ல. அவர்களுள் பலர் நில வாடகையில் வாழ்ந்தவர்கள். நாட்டின் பெயரால் பேசிய அவர்கள் அவைகளில் குடியானவனுக்கு இருக்கை இல்லை. வங்கத்து உழவருள் பெரும்பகுதியினரான இசுலாமியரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அக்கூட்டத்தில் அரிதாகவே காணப்பட்டனர். தாய்மொழியில் கடிதம் எழுத நாணிய பாபுக்களும் இருந்தனர். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. பங்கிம் சந்திரரின் கேலி இவ்விடங்களிலேயே குறிபார்த்துத் தைத்தது.

ஆயின் லிட்டனும் டஃபரினும் குடியானவனின்பால் கொண்ட இரக்கத்தினாலா பாபுவைச் சாடினர்? ‘நீ எல்லாருக்காகவும் பேசவில்லை’ என்று அவனிடம் சொன்னவர்கள், எல்லாரையும் பேசவிட ஆயத்தமாக இருந்தார்களா? இல்லை. பாபு வாய்மூட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். குற்றச்சாட்டு உண்மையாயிருப்பினும், அது திருத்துவதற்காகச் சொல்லப்படுகிறதா, வாயடைப்பதற்காகச் சொல்லப்படுகிறதா என்பதைக் கொண்டே அது கண்டனமா வசையா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டில் டிரைஃபஸ் என்னும் படை அதிகாரி செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டபோது, 1898 சனவரியில் எமிலி ஜோலாவும், அவரைத் தொடர்ந்து எழுத்தாளரும் பேராசிரியரும் நீதி கேட்டுக் கையொப்பமிட்டனர். அவர்களை எள்ளுவதற்காக எதிரணியினர் பரப்பிய பெயர்தான் ‘அறிவுஜீவிகள்’ என்று நாம் இன்று மொழிபெயர்த்து வழங்கும் சொல். அவர்கள் அப்பெயரை மறுக்கவில்லை, விருதாகவே சூடிக்கொண்டனர். டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் அந்தச் சொல்லில் ஏளனமும் பெருமையும் இன்றளவும் கலந்தே ஒலிக்கின்றன.

நம் பக்கத்துக் கதை

சென்னையிலும் இத்தகைய வகுப்பு ஒன்று அக்காலத்திலேயே எழுந்தது. தஞ்சைப் பகுதியில் ஏழ்மையிற் பிறந்து, சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய்க்குக் கணக்கெழுதிய முத்துசாமி ஐயர், 1878-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தார். ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் இந்நியமனத்தைத் தூற்றின. அதற்கு மறுமொழி கூற ஏடு இல்லையே என்று வருந்திய ஆறு இளைஞர்கள், கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணாவில் 80 படிகள் அச்சிட்டுத் தொடங்கியதே ‘தி ஹிந்து’. அவர்களும் அன்றைய கண்ணோட்டத்தில் வாயாடிப் பட்டதாரிகளே!

1911 டிசம்பர் 12-இல் தலைநகர் தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டதும், கல்கத்தாவின் பாபுக்கள் கோப்புகளோடு இங்கே வந்து சேர்ந்தனர். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று அரசு இடம்பெயரும்போதெல்லாம் அவர்களும் பெட்டி கட்டினர். அவர்களைத் தொடர்ந்து நம்மவரும் வந்தனர். நம்மவருக்குப் பாபுவோடு இன்னொரு பெயரும் சேர்ந்தது, அதுதான் ‘மதராஸி’. நான்கு மொழியினரையும் ஒரே பெயரில் அடக்கிய அச்சொல்லால் மனம் புண்படாத தமிழர் இந்நகரில் இலர். ஆயினும், இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என வழங்கும் அமைப்பு 1923-இல் தோன்றியபோது, நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர் ‘மதராஸி கல்விச் சங்கம்’ என்பதே. ஊரார் ஒட்டிய பெயரை அவர்கள் பள்ளியின் வாயிற்பலகையில் எழுதி, உள்ளே பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தனர். பெயரைத் துடைப்பதற்குச் செலவிட்டிருக்கக்கூடிய ஆற்றலைப் பள்ளி கட்டுவதற்குச் செலவிட்டனர்.

நம் நாவில் இருந்த வசை

இதுகாறும் பிறர் குற்றமே பேசினோம். நம் குற்றம் ஒன்றையும் சொல்லாவிடில் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பொங்கல் விழாக் கணக்கைப் படித்தோம். அண்மையில் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, சமையற்காரருக்குத் தந்த முன்பணம் இரண்டு இடங்களில் வருகிறதே என்று கேட்டார். கணக்கை எழுதியவர் நாமே. சினம் மூண்டது. “மெத்தப் படிச்சவங்க வந்துட்டாங்கப்பா, இனி நாம பேச முடியுமா?” என்றோம். அவை முழுதும் சிரித்தது. இளைஞர் அமர்ந்துவிட்டார். கணக்கும் நிறைவேறிற்று. அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பற்றுச்சீட்டுகளை அடுக்கும்போது கண்டோம்: முன்பணத்தை இருமுறை எழுதியிருந்தது உண்மை. வேண்டுமென்று செய்ததன்று, கைத்தவறு. தொகையைச் சரிசெய்துவிட்டு, அவ்விளைஞரின் அறைக்குச் சென்று வருத்தம் தெரிவித்தோம். அவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். கணக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விடைபெறும்போது மட்டும், “கேள்வி தப்பா இருந்தா தப்புன்னு சொல்லியிருக்கலாம் சார். எனக்குப் பேர் இருக்கு. அதைக்கூட நீங்க சொல்லலை” என்றார்.

லிட்டன் பிரபு செய்ததைத்தான் நாமும் ஒரு பொங்கல் கணக்குக்காகச் செய்திருக்கிறோம் என்பது, அவர் கடிதத்தைப் பற்றிப் படித்தபோதே நமக்கு உறைத்தது. ‘மெத்தப் படித்தவர்’ என்பதில் மெத்த என்பதும் நல்ல சொல். படித்தவர் என்பதும் நல்ல சொல். அவை இரண்டையும் சேர்த்து ஒரு மனிதரை உட்கார வைக்க நமக்குத் தெரிந்திருந்தது.

மகளுக்குச் சொன்ன விடை

நெடுநாள் கழித்து மகளுக்கு இவ்வாறு விடை கூறினோம்: “பெயருக்குப் பின்னால் வந்தால் பாபு மரியாதை. பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் திட்டு.” ஹரிஷ் பாபு என்றால் ஒரு மனிதர் தெரிகிறார், அவர் சொன்ன செய்தியும் தெரிகிறது. ‘பாபுக்கள்’ என்றால் யாரும் தெரிவதில்லை. யாருக்கும் மறுமொழி சொல்ல வேண்டிய கடமையும் இல்லாமற் போகிறது.

அவள் விடவில்லை. “அப்போ, பென்ஷன் கேக்க வந்தவர் உங்களைத் திட்டினாரா?” என்றாள்.

அதையும் எண்ணிப் பார்த்தோம். டஃபரின் பிரபுவிடம் அதிகாரம் இருந்தது, பாபுவிடம் இல்லை. இங்கோ அதிகாரம், சிறிதேயாயினும், நம் மேசைமீது இருக்கிறது. எதிரே நிற்பவரிடம் இருப்பது அலைச்சல் மட்டுமே. அவர் சொன்னது வசையென்று நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவர் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் தப்பிக்கும் வழியையே நாமும் நாடியவர் ஆவோம். அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நம் கோப்பில் அது எண்ணாக மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தார். அழைத்து அமரச் செய்து, அவர் பெயரைக் கேட்டு, கோப்பை முதல் தாளிலிருந்து படித்தோம். குறைந்திருந்தது ஒரே ஒரு சான்றிதழ். அதை எங்கே, யாரிடம் வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சென்றார். சான்றிதழ் வந்து சேர்ந்த அன்று மாலையே கோப்பு நம் மேசையை விட்டு நகர்ந்தது.